இரவல் பெட்டி

அந்தக் காய்ச்சல் வந்துபோன பிறகு திருச்சியில் பாதிப் பேருக்குக் காதுக்குப் பின்னால் ஒரு தோடு உண்டு. தோடு என்பது ஊர் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் இரண்டு வரிக்கு நீளும், அது யார் வாயிலும் நுழையாது. உடம்பை விட்டு இறங்கிய காய்ச்சல் போகிறபோது ஞாபகத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டது. இன்றைக்கு நடந்தது நாளைக்கு இருக்காது. அதனால் அன்றாடம் பார்த்தது, கேட்டது, பட்டது எல்லாவற்றையும் தோடு எடுத்துக் காப்பகத்துக்கு அனுப்பும். காப்பகம் அதை அவரவர் பெட்டியில் போட்டு வைத்து, விடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். பெட்டியில் இருப்பது மண்டையில் இருக்கும். பெட்டியில் இல்லாதது இல்லை.

தில்லை நகர்க் காப்பகத்தில் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை செலஸ்டினாவுக்கு. பதினோரு வருஷ சர்வீஸ். ஒரு பெட்டிகூடக் காணாமல் போனதில்லை என்று தலைமை அலுவலகம் அவளுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்திருந்தது. அதை அவள் மேசைமேல் வைக்கவில்லை, இழுப்பறையில் போட்டு வைத்திருந்தாள். பீற்றிக்கொள்வது அவளுக்குப் பிடிக்காது, ஆனால் தூக்கிப் போடவும் மனசு வராது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் வெண்பா என்றாள். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து மெரூன் நிறத்தில் ஒரு பள்ளிக்கூடப் பினோஃபார்மை எடுத்து மேசையில் விரித்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற அளவு.

"இது என் பீரோல இருந்துச்சு மேடம். யாருதுன்னு தெரியல."

"வீட்ல குழந்தைங்க இருக்காங்களா?"

"இருந்துச்சாம். அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். உன் பொண்ணுடி, இசைமதிடின்னு சொல்லி அழறாங்க. ரெண்டு வருஷம் ஆச்சாம் தவறிப்போய். எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க. போட்டோவும் அனுப்பினாங்க." வெண்பா தன் போனைத் திருப்பிக் காட்டினாள். முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை, ஐஸ்கிரீம் குச்சியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. "அழகா இருக்கு புள்ள. ஆனா யார் வீட்டுப் புள்ளையோன்னு இருக்கு எனக்கு."

செலஸ்டினா போட்டோவையும் பினோஃபார்மையும் மாறிமாறிப் பார்த்தாள். தோடு பழுதாகிறவர்கள் வருவதுண்டு. ஒரு நாள் விட்டுப்போகும், ஒரு கல்யாண வீடு விட்டுப்போகும், சரிசெய்து அனுப்புவாள். ஆறு வருஷப் பிள்ளை முழுசாக விட்டுப்போய் அவள் பார்த்ததில்லை.

"எப்பலேருந்து இப்படி?"

"சனிக்கிழமை காலையிலேருந்து. நாலு நாளா அழுதுட்டே இருக்கேன் மேடம். பல் தேய்க்கறப்ப அழுகை வருது. பஸ்ல வருது. எதுக்குன்னு தெரியல. மூணு மாசமா ஒரு போட்டோவ வச்சிட்டு நான் அழுதது ஞாபகம் இருக்கு. ஆனா அந்தப் போட்டோல முகம் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமில்ல. அழுகை மட்டும்னா பரவால்ல..." அவள் நிறுத்தி, பினோஃபார்மின் பட்டனைத் திருகினாள். "ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்கு. பெரிய தப்பு. நெஞ்சு எரியுது. என்ன தப்புன்னுதான் தெரியல."

செலஸ்டினா அவளிடம் ரேகை வாங்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். ஆளைக் கேட்காமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தாலும் உள்ளே இருப்பது ஊழியர் கண்ணுக்குத் தெரியாது. இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் திரையில் வரும். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று அடுக்கு. கண் பார்த்ததும் காது கேட்டதும் ஒரு அடுக்கு, அதைச் சரக்கு என்பார்கள். அப்போது மனசு பட்ட பாடு தனி அடுக்கு. மேலே அந்த நாளைப் பற்றித் தோடு தானாக எழுதிவிடுகிற ஒரு வரி, அதற்குச் சீட்டு என்று பெயர். துணிக்கடை மூட்டையில் ஒட்டுகிற சீட்டு மாதிரிதான்.

வெண்பாவின் பெட்டியில் சீட்டுகள் இருந்தன. மனசு இருந்தது. சரக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கான நாட்களுக்கு ஒரே பதில் வந்தது. 'அங்கே போய்ப் பார்.' அங்கே என்பது பிரணவ் என்று ஒருவருடைய பெட்டி. அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை, துடைத்துவிட்ட தரை.

"பிரணவ் யாருங்க?"

"வீட்டுக்காரர். முன்னாடி. மூணு மாசம் முன்னால தீர்ப்பு வந்துச்சு. காப்பகக் கார்டும் தனித்தனியாப் பிரிச்சுட்டோம்."

செலஸ்டினாவுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தரையைத் துடைத்தவள் அவள்தான்.

"ஒரு காபி குடிச்சிட்டு இருங்க. வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து, மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் கிஷோர் அவளைவிட எட்டு வயது சின்னவர். கெட்ட மனுஷர் இல்லை. எந்தப் பிரச்சினையையும் சாயங்காலத்துக்குள் மூடிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

"அவங்க புருஷன் அழிக்கச் சொல்லி மனு கொடுத்திருந்தாரு சார். பொண்ணு சம்பந்தப்பட்டது மொத்தமும். அது அவர் உரிமை. பதினாலு நாள் குப்பைக்கூடையில கெடந்துச்சு, அவர் மனசு மாறல. வெள்ளிக்கிழமை பெருக்கு ஓட்டினேன். போயிடுச்சு."

வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், குப்பைக்கூடையில் கிடப்பதைக் கூட்டி நிரந்தரமாக வெளியே தள்ளுவதற்குத்தான் பெருக்கு என்று பெயர். தள்ளியது தள்ளியதுதான்.

"அவர் பெட்டியப் பெருக்கினா இவங்களுக்கு ஏன் போகணும்?" என்றார் கிஷோர். அவர் வங்கியிலிருந்து வந்தவர். பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி இத்தனை நாள் கேட்டதில்லை.

"கல்யாணம் ஆனதும் ரெண்டு கார்டையும் ஒண்ணாக்கறோமில்ல சார். ஒரே வீட்ல இருக்கறவங்க ஒரே சுவத்தப் பாக்கறாங்க, ஒரே புள்ள பேசறதக் கேக்கறாங்க. அத ரெண்டு தடவ வைக்கறது எதுக்குன்னு எடத்த மிச்சம் பண்ண, வீட்டுச் சரக்கு எல்லாத்தையும் ஒரு பெட்டில போட்டுட்டு, மத்தவங்க பெட்டில 'அங்க போய்ப் பாரு'ன்னு மட்டும் எழுதி வச்சிடுவோம். இவங்க தனியா இருக்கறப்ப பாத்ததும் அங்கதான் போகும். அவங்க பெட்டி இரவல் பெட்டி சார். மனசு மட்டும்தான் அவங்கவங்களுது. அது ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி இருக்காதில்ல."

"சரி. யார் பெட்டில போடணும்னு யார் முடிவு பண்றது?"

"ஃபாரத்துல குடும்பத் தலைவர்னு ஒரு கட்டம் இருக்கில்ல."

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்று கிஷோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கார்டைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். சம்பாதிப்பவள் அவளாக இருந்தாலும், வீடு அவள் பெயரில் இருந்தாலும், பேனா தானாகப் புருஷன் பெயரைத்தான் எழுதும். செலஸ்டினாவும் தன் கார்டில் புருஷன் ஆரோக்கியராஜ் பெயரைத்தான் எழுதியிருந்தாள். எழுதும்போது யோசிக்கக்கூட இல்லை. பதினோரு வருஷம் இந்த வேலையைப் பார்க்கிற புத்திசாலி அவள்.

"பெருக்கறதுக்கு முன்னால நீங்க பாக்கலையா மேடம்?"

"பாத்தேன். இந்தக் கார்டில் வேறு யாரும் உண்டான்னு திரை காட்டும். இல்லைன்னு வந்துச்சு. கோர்ட் உத்தரவு வந்ததும் கார்டப் பிரிச்சுட்டோம். கார்டு பிரிஞ்சா எல்லாம் பிரிஞ்சதுன்னு நெனச்சேன். காகிதம்தான் பிரிஞ்சுது சார். பெட்டி பிரியல. அதுக்கப்புறம் அவங்க பாத்த போட்டோ முகத்துக்குக்கூட 'அங்க போய்ப் பாரு'தான். இரவல் வாங்கினவங்க பெட்டில கொடுத்தவர் பேர் இருக்கு. கொடுத்தவர் பெட்டில வாங்கினவங்க பேர் இல்ல. எங்கயுமே எழுதல."

"இன்னிக்கு நாலு மணிக்குப் பெருக்கு இருக்கில்ல? எத்தன பெட்டி?"

"அறுபத்து மூணு. நான் ஓட்ட மாட்டேன் சார்."

அவள் குரலை உயர்த்தவில்லை. கிஷோர் நிமிர்ந்து பார்த்தார், வாதாடலாமா என்று யோசித்தார், அறுபத்து மூன்று வெண்பாக்கள் வாசலில் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். பெருக்கை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு அவருடைய வழக்கப்படி, மூடுகிற வழியைத் தேடினார்.

"அந்தம்மாவுக்கு என்ன செய்யறது? சரக்கு திரும்பி வராது. மனசு மட்டும் தனியாத் தொங்குது, அதனாலதான் அழறாங்க. அந்த மனசையும் எடுத்துட்டா நேராயிடும். நாளைக்குக் காலையில நிம்மதியா எழுந்திரிப்பாங்க. ஒரு ஒப்புதல் கையெழுத்து வாங்கிடுங்க."

யோசித்துப் பார்த்தால் அதில் தப்புச் சொல்ல முடியாது. அதுதான் செலஸ்டினாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பெண்ணிடமிருந்து பிள்ளையைப் பாதி எடுத்தாயிற்று, மீதியையும் எடுத்துவிட்டால் அவளுக்கு வலிக்காது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

திரும்பி வரும் வழியில், வராந்தாவில் நின்று பிரணவுக்குப் போன் செய்தாள். அழித்தாலும், அவர் எங்கேயாவது எழுதி வைத்திருக்கலாம், யாரிடமாவது சொல்லி வைத்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை.

மறுமுனையில் மரியாதையான குரல். காப்பகத்திலிருந்து என்றதும், "மனு விஷயமாங்களா?" என்றார்.

"ஆமாங்க. உங்க பொண்ணு பத்தி..."

"எனக்குக் குழந்தை இல்லைங்க," என்றார் பிரணவ், மிகச் சாதாரணமாக. பிறகு, "இருங்க, இருங்க. பர்ஸ்ல என் கையெழுத்துல ஒரு சீட்டு இருக்கு. 'ஒரு பெண் குழந்தை இருந்தது. கேட்காதே. உன்னால் தாங்க முடியவில்லை.' அவ்வளவுதான் எழுதியிருக்கேன். நான் சொன்னா நான் கேப்பேன் மேடம். அதனால கேக்கல."

"மனசையும் சேத்து அழிச்சிட்டீங்களா?"

"எல்லாத்தையும்தான். இப்ப நல்லாத் தூங்கறேன். ஏன், ஏதாவது பிரச்சினைங்களா?"

அந்த ஆள்மேல் கோபப்படலாமென்று பார்த்தாள், முடியவில்லை. அவர் யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை. தன்னுடையது என்று காப்பகம் சொன்னதை, தன்னால் சுமக்க முடியாமல், இறக்கி வைத்தார். அதில் பாதி இன்னொருத்தியுடையது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிரச்சினை ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனை வைத்தாள். இன்னொரு ஆளையும் காலையில் காரணம் தெரியாமல் அழவைத்து என்ன ஆகப்போகிறது?

வெண்பா காபியைக் குடிக்கவில்லை, அது ஏடு கட்டிப்போயிருந்தது. செலஸ்டினா நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். குடும்பத் தலைவர் கட்டம், இரவல் பெட்டி, பிரணவின் மனு, பெருக்கு.

"பெருக்கு ஓட்டினது நான்தான். இந்தக் கையாலதான் பட்டன அழுத்தினேன். தெரிஞ்சு செய்யல. ஆனா செஞ்சது நான்."

வெண்பா அவள் கையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று செலஸ்டினா காத்திருந்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திரும்பி வராதா?"

"வராதுங்க."

"எங்கம்மா பெட்டில இருக்குமே. அவங்க பாத்தது."

"இருக்கும். ஆனா அது அவங்க பாத்தது. அத உங்களுக்கு வச்சா நீங்க உங்க பொண்ணுக்குப் பாட்டியாத்தான் ஆவீங்க. அது ஒட்டாது, வச்சுப் பாத்திருக்காங்க." செலஸ்டினா இரண்டு விரலை நீட்டினாள். "ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, மிச்சம் இருக்கற மனசையும் எடுத்துடலாம். நாளைக்கு அழுகை இருக்காது, நெஞ்செரிச்சல் இருக்காது. உங்கம்மா சொன்னா ஓகோன்னு கேட்டுக்குவீங்க. எங்க சார் அதத்தான் செய்யச் சொல்றாரு."

"இன்னொண்ணு?"

"உங்க பெட்டில சீட்டு இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு வரி. அது உங்களுது, யார்கிட்டயும் இரவல் இல்ல. இசைமதி பேர் வர்ற நாளெல்லாம் தேடி எடுத்துத் தரேன். படிச்சா, அந்தந்த நாளோட மனசு உங்ககிட்ட இருக்கறதால, எது எதுக்குன்னு தெரியலாம். முகம் வராது. குரல் வராது. அத நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப அழுகை நிக்காது."

"நிக்காதுங்க."

வெண்பா பினோஃபார்மை மடித்தாள். முதலில் இரண்டாக, பிறகு நான்காக, துணிக்கடைக்காரர் மாதிரி மூலை சேர்த்து. "சீட்டு எடுங்க மேடம்," என்றாள்.

அச்சு இயந்திரம் உள்ளறையில் இருந்தது. எண்பத்தெட்டுப் பக்கம் வந்தது. செலஸ்டினா அதை அடுக்கும்போது படிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கண் நிற்கவில்லை. 'இசைக்குப் பேர் வைத்தோம். அவர் அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.' 'இசை நடந்தாள், கைபிடித்து அல்ல, சுவரைப் பிடித்து.' 'இசை என் தோட்டைப் பிடுங்கப் பார்த்தாள். அடித்துவிட்டேன். பிறகு நானும் அழுதேன்.' 'இசை காவேரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். தண்ணி இல்லை என்று தெரிந்ததும் ஆற்றைத் திட்டினாள்.' கவிதை எழுதத் தெரியாத இயந்திரம் எழுதிய வரிகள்.

எழுபத்திரண்டாம் பக்கத்தில் அந்த நாள் வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் அச்சு இயந்திரத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்கு, என்ன தப்புன்னுதான் தெரியல என்று வெண்பா சொன்னது காதிலேயே இருந்தது. இதைப் போய் அவளிடம் கொடுப்பதா? தெரியாமல் எரிகிறது, தெரிந்து எரிய வேண்டாம். அந்தப் பக்கத்தை மட்டும் உருவி, மடித்து, தன் கைப்பையில் வைத்தாள். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தாள். மீதியை ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெண்பா அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். வேகமாகப் படிக்கவில்லை. ஒரு வரி, பிறகு கண்ணை மூடுவாள், உள்ளே எதையோ தட்டுத்தடுமாறித் தேடுகிற மாதிரி முகம் போகும். சில வரிகளுக்கு உதடு கொஞ்சம் விரிந்தது. ஆற்றைத் திட்டிய வரியில் சத்தமாகவே சிரித்துவிட்டாள், சிரித்தபிறகு ஏன் சிரித்தோம் என்று திகைத்துப்போய்ச் செலஸ்டினாவைப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. இரண்டு பேரும் எழவில்லை. கிஷோர் கண்ணாடிக் கதவு வழியாக ஒரு தரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மணி சுமாருக்கு வெண்பா ஒரு பக்கத்தைத் திருப்பி, மறுபடி முன்னால் திருப்பினாள். விரலை நாக்கில் தொட்டு, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தாள்.

"எழுபத்தொண்ணுக்கு அப்புறம் எழுபத்துமூணு இருக்கு மேடம்."

"அச்சுல ஏதாவது..." என்று ஆரம்பித்தாள் செலஸ்டினா.

"எழுபத்துமூணுல எடுத்த எடுப்புல 'இசை இல்லாத முதல் நாள்'னு இருக்கு."

செலஸ்டினா கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பொய் சொல்கிறவளுக்கு முகம் எப்படி இருக்கும் என்று வெண்பாவுக்குத் தெரிந்திருந்தது.

"குடுங்க மேடம். அவர் எடுத்தாரு, அவருதுன்னு நெனச்சு எடுத்தாரு. இது என்னுதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

செலஸ்டினா கைப்பையைத் திறந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். வெண்பா அதைப் பிரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டு, விரலைக் கடைசி வரிமேல் வைத்து மெதுவாக வாய்விட்டுப் படித்தாள்.

"'இசை வயிறு வலிக்கிறது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். பொய் என்று நினைத்து வேனில் ஏற்றிவிட்டேன். வேன் கவிழ்ந்தது.'"

செலஸ்டினா தலையைக் குனிந்துகொண்டாள். அலறல் வரும், நாற்காலி விழும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் வராததால் நிமிர்ந்தாள். வெண்பா மறுபடி அதே வரியைப் படித்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதாவது இருக்குமா என்று தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

செலஸ்டினாவுக்கு விளங்கவில்லை.

"இவ்வளவுதானா மேடம்? நாலு நாளா நான் என்னென்னமோ நெனச்சேன். நானே அடிச்சுக் கொன்னுட்டேனோ, மாடிலேருந்து தள்ளிட்டேனோன்னு. அதனாலதான் அவர் வேணாம்னு போனாரோ, அம்மா அதனாலதான் எப்படிச் செத்துச்சுன்னு சொல்ல மாட்டேங்கறாங்களோன்னு. நெஞ்சுல அப்படி எரியுது, அது சின்னத் தப்பா இருக்க முடியாதுன்னு நெனச்சேன்." அவள் மறுபடி அந்த வரிமேல் விரலை வைத்தாள். "பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கேன். வயித்து வலின்னுச்சு, அனுப்பியிருக்கேன். எல்லா வீட்லயும் அனுப்பறதுதானே?"

"அனுப்பறதுதாங்க," என்றாள் செலஸ்டினா. "நான் நேத்திக்குக்கூட என் புள்ளைய அப்படித்தான் அனுப்பினேன்."

அப்போதுதான் வெண்பா அழுதாள். நாலு நாளாகப் பஸ்ஸிலும் குளியலறையிலும் வந்த அழுகை இல்லை இது. தாளை மார்போடு வைத்துக்கொண்டு, இசை, இசை என்று பெயர் சொல்லி, நன்றாக வாய்விட்டு அழுதாள். உள்ளறையிலிருந்து யாரோ எழுந்து வந்தார்கள். செலஸ்டினா போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

வெகுநேரம் கழித்து வெண்பா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுபத்திரண்டாம் பக்கத்தை அதற்குரிய இடத்தில் செருகி, எல்லாத் தாளையும் மேசையில் தட்டிச் சமமாக்கினாள். பிறகு கட்டை அப்படியே செலஸ்டினா பக்கம் தள்ளினாள்.

"மொதல்லேருந்து நீங்க படிங்க மேடம். நான் கண்ண மூடிட்டுக் கேக்கறேன்."

செலஸ்டினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தை எடுத்தாள்.